சிரிக்கும் பலகை

ஜூன் 9

இந்த நாட்குறிப்பில் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். எனக்குப் பெருமை தருவதாக இருந்தாலும் சரி, அவமானமாக இருந்தாலும் சரி, ஒரு வரியும் கூட்டவோ குறைக்கவோ மாட்டேன். பிடிக்காத பக்கத்தைக் கிழிக்கவும் மாட்டேன். இது உறுதி.

என் பெயர் தமயந்தி. ஒன்பதாம் வகுப்பு. ஊர் சின்னமனூர். இந்த நாட்குறிப்பு, அப்பா பல் சாமான் வாங்கும் மதுரைக் கடையில் இலவசமாகக் கொடுத்தது. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் ஒரு கடைவாய்ப்பல் கையில் பிரஷ் பிடித்துச் சிரிக்கிறது. பல்லுக்கு ஏது கை என்று அம்மாவிடம் கேட்டேன்.

"மூஞ்சி இருக்கலாமாம், கை இருக்கக் கூடாதாக்கும்" என்றாள் அம்மா.

அப்பா பெயர் சௌந்தரராசன். பல் டாக்டர். எங்கள் வீட்டின் முன் அறைதான் அவருடைய பல் நிலையம். வாசலுக்கு மேலே ஒரு கண்ணாடிப் பலகை, அதற்குள் குழல் விளக்கு. பலகையில் முகமே இல்லாத ஒரு பெரிய வாய் மட்டும் சிரித்துக்கொண்டிருக்கும். கீழே 'சௌந்தர் பல் நிலையம். ஒரே நாளில் நிலையான பல் கட்டப்படும்' என்று எழுதியிருக்கும். மாலையில் அந்தப் பலகைக்குச் சுவிட்ச் போடுவது என் வேலை. முன்பு ஸ்டூலில் ஏறிப் போடுவேன். இப்போது எட்டுகிறது.

ஜூன் 12

பள்ளியில் கொடுத்த படிவத்தில் 'தந்தையின் தொழில்' என்ற இடத்தில் 'மருத்துவர்' என்று எழுதியிருந்தேன். கையெழுத்துப் போடும்போது அப்பா அதை அடித்துவிட்டு 'சுயதொழில்' என்று எழுதினார்.

"ஏம்ப்பா?"

"சொந்தமாத்தான தொழில் பண்றேன். அதேன்."

தன்னடக்கம் என்ற சொல்லுக்கு இனிமேல் இதையே உதாரணமாக எழுதுவேன்.

ஜூன் 19

கீழ்க் கடைவாய்ப்பல்லில் பயங்கர வலி. கிராம்பு வைத்தும் போகவில்லை. அப்பா டார்ச் அடித்துப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. என் வாயில் விரல்கூட வைக்கவில்லை.

"சனிக்கிழம தேனிக்குப் போவம்த்தா."

"நீங்களே பாருங்கப்பா."

"சொந்தப் புள்ளைக்குப் பாத்தா கை நடுங்கும்."

ஊரிலுள்ள அத்தனை வாய்க்கும் நடுங்காத கை எனக்கு மட்டும் நடுங்குகிறது. வலியிலும் சந்தோஷமாக இருந்தது.

ஜூன் 21, சனி

தேனியில் நிலோஃபர் டாக்டர். இளம்வயது. வேர் சிகிச்சை செய்தார். பல்லுக்குள் இருக்கும் அழுகிய நரம்பை எடுத்துவிட்டு, கால்வாயைச் சுத்தம் செய்து அடைப்பார்களாம். அடுத்த வாரம் மேலே மூடி போடுவார்களாம். 'நீ ரொம்ப நல்ல பேஷண்ட்' என்று என்னைப் பாராட்டினார்.

அப்பா ஓரமாக நின்று ஒவ்வொரு கருவியையும் பார்த்துக்கொண்டே இருந்தார். டாக்டரை 'மேடம், மேடம்' என்று கூப்பிட்டார்.

"இவ்வளவு விவரமாக் கேக்குறீங்களே, சார் என்ன பண்றீங்க?" என்றார் டாக்டர்.

என் வாய் முழுக்கப் பஞ்சு. அப்பா, "சின்னதா கடை வச்சிருக்கேன் மேடம்" என்றார்.

இது உண்மையல்ல. ஆனால் தானும் டாக்டர் என்று சொல்லி, தன்னைவிட வயதில் சிறியவரைச் சங்கடப்படுத்த அப்பா விரும்பியிருக்க மாட்டார்.

ஜூலை 3

யாரிடமிருந்தோ போன் வந்தது. அப்பா உடனே ஷட்டரை இறக்கிவிட்டு எங்களைச் சுருளி அருவிக்குக் கூட்டிப்போனார். "செக்கிங் வருதாம்" என்றாள் அம்மா. கரண்டு ஆபீஸ் செக்கிங் என்று நினைக்கிறேன். பள்ளியில் காய்ச்சல் என்று சொல்லச் சொன்னார்கள். விடுப்புக் கடிதத்தில் பொய், இங்கே உண்மை. அருவியில் தண்ணீர் நூல் போல விழுந்தது.

ஜூலை 14

எனக்கு மிகவும் பிடித்த இடம் கிளை நூலகம். அங்கே எனக்கு மிகவும் பிடித்தவர் நூலகர் சகாயராணி மிஸ். புதுப் புத்தகம் வந்தால் எனக்குத் தெரிந்த பிறகுதான் அலமாரிக்கே தெரியும். ஒவ்வொரு சனிக்கிழமையும் சின்னப் பிள்ளைகளைத் தரையில் உட்கார வைத்துக் கதை வாசிப்பார். புலி வந்தால் புலியாகவும் கிழவி வந்தால் கிழவியாகவும் மாறிவிடுவார்.

இன்று மிஸ் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டிருந்தார். மேல் தட்டிலிருந்து பெரிய அகராதி ஒன்று சரிந்து முகத்தில் விழுந்து, மேல் வரிசை முன்பல் ஒடிந்துவிட்டதாம். தேனிக்குப் போய் நிலோஃபர் டாக்டரிடமே காட்டியிருக்கிறார்.

"உள்ள வேரு கெடக்கு, மொதல்ல அத எடுக்கணும்னாங்க. அப்புறம் மூணு வழியாம். கழட்டி மாட்டுற பிளேட்டு ஒண்ணு. பக்கத்துல இருக்குற ரெண்டு பல்லையும் ராவி, மூணுக்கும் சேத்து பிரிட்ஜ் போடுறது ஒண்ணு. எலும்புல திருகு வச்சு ஒத்தப் பல்லா நடுறது ஒண்ணு. அந்தத் திருகுக்கு வெலயக் கேட்டதும் என் மிச்சப் பல்லெல்லாம் ஆடிப்போச்சு கண்ணு."

"பிளேட்டு போட்டுக்குங்களேன் மிஸ்."

"புலி உறுமும்போது பல்லு கழண்டு விழுந்தா? பிள்ளைங்க ஜென்மத்துக்கும் புலிக்குப் பயப்படாதுங்க."

மிஸ்ஸின் வீட்டுக்காரர் உயிரோடு இல்லை. மகன் கோவையில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறான். அவனுக்குப் பணம் கட்டியது போக மிச்சமிருந்தால்தான் பல்லாம். அதுவரை சனிக்கிழமைக் கதையை நிறுத்திவைக்கப் போவதாகச் சொன்னார்.

எனக்குத் தாங்கவில்லை. "மிஸ், எங்கப்பாகிட்ட வாங்க. ஒரே நாள்ல கட்டிருவார். கழட்டவே வேணாம். காசும் கம்மி" என்றேன்.

மிஸ் கைக்குட்டையை வாயிலிருந்து எடுத்தார். "உங்கப்பாகிட்டயா?" என்றார். பிறகு, "சரி, வர்றேன்" என்றார்.

ஜூலை 16

மிஸ் வந்தார். கதவருகே நின்று பார்க்க அப்பா அனுமதித்தார். ஒரு பெட்டி நிறையப் பற்கள். மிஸ்ஸின் பல்லோடு நிறம் சேர்வதைத் தேடி எடுத்து, வெளிச்சத்தில் காட்டிக் காட்டி ராவினார். நுனியில் மெலிதாக ஒரு பழுப்புக் கோடுகூட வரைந்தார். "காப்பி குடிக்கிற பல்லு. வெள்ளையா வச்சா காட்டிக் குடுத்துரும்" என்றார்.

மிஸ், "வேரு இருக்குன்னு தேனி டாக்டர் சொன்னாங்களே" என்றார்.

"அது பாட்டுக்குக் கெடக்கும். ஒண்ணும் செய்யாது."

பொடியையும் தண்ணீர் மாதிரி ஒரு மருந்தையும் குழைத்தார். மூக்கை எரிக்கும் வாசனை. மெல்லிய கம்பி வைத்து, அந்தக் குழம்பைப் பக்கத்துப் பற்களின் பின்னால் அப்பி, பல்லை நிறுத்தினார். அது சூடாகி இறுகிவிட்டது. அவ்வளவுதான்! மிஸ் கண்ணாடியைப் பார்த்தார். புலி மாதிரி உறுமிக் காட்டினார். அப்பா வெட்கத்தோடு சிரித்தார்.

என்னால்தான் இது நடந்தது. இதைத் தற்பெருமைக்காக எழுதவில்லை. உண்மை என்பதால் எழுதுகிறேன்.

ஜூலை 19, சனி

கதை நடந்தது. புலி வந்தது. பல் விழவில்லை.

ஆகஸ்ட் 9, சனி

இதை எழுதலாமா என்று யோசித்தேன். எழுதுவதாக உறுதி கூறியிருக்கிறேன். மிஸ் பேசும்போது ஒரு நாற்றம் வருகிறது. பூச்சாடியில் பல நாள் மாற்றாத தண்ணீரின் நாற்றம். முன் வரிசையில் உட்கார்ந்திருந்த பொடியன் மூக்கைப் பிடித்துக்கொண்டு பின்னால் நகர்ந்தான். மிஸ் அதைப் பார்த்துவிட்டார். புத்தகத்தை உயர்த்தி வாயை மறைத்துக்கொண்டு வாசித்தார். புலி இன்று உறுமவில்லை.

அப்பாவிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை இலையிலேயே வைத்துக்கொண்டு, "வரச் சொல்லு" என்றார்.

ஆகஸ்ட் 11

மிஸ் வந்தார். ஈறு சிவந்து உப்பியிருந்தது. "ஒடம்பு சூடு. உப்புத் தண்ணியில கொப்புளிங்க" என்றார் அப்பா. தினசரிக் காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கம் மாத்திரைப் பெயர் எழுதிக் கொடுத்தார். தேனியில் நிலோஃபர் டாக்டர் எனக்குத் தன் பெயர் அச்சடித்த தாளில் எழுதிக் கொடுத்தார். அப்பா சிக்கனமானவர்.

மிஸ் போன பிறகு அம்மா சமையலறையில் பாத்திரத்தை டமாலென்று வைத்தாள். "வேர எடுக்கச் சொல்லிருக்காகள்ல?" என்றாள். அம்மாவுக்குப் பல் வைத்தியம் தெரியும் என்பது எனக்கு இதுவரை தெரியாது.

ஆகஸ்ட் 23, சனி

இன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

நூலகம் பூட்டியிருந்தது. பிள்ளைகள் படியில் உட்கார்ந்திருந்தார்கள். நான் மிஸ்ஸின் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவர் மிஸ் என்று முதலில் எனக்குத் தெரியவில்லை. முகத்தின் ஒரு பாதி வீங்கி, ஒரு கண் மூடிப்போயிருந்தது. உடம்பு கொதித்தது. பேச முயன்றார். வாய் திறக்கவில்லை.

வீட்டுக்கு ஓடினேன். அப்பா சாமான் வாங்க மதுரை போயிருந்தார். நான் சொன்னதைக் கேட்டதும் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு, "ஆட்டோவக் கூப்புடு. தேனிக்கு" என்றாள்.

"அப்பா சாயங்காலம் வந்துருவார்ம்மா."

"உங்கப்பா வேணாம்!"

அம்மா அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை.

நிலோஃபர் டாக்டர் என்னை அடையாளம் கண்டு சிரித்தார். மிஸ்ஸின் வாயைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. ஊசி போட்டார். சின்ன இயந்திரத்தால் அந்த இறுகிய குழம்பை அறுத்தார். எரிந்த வாசனை. பிறகு ஒரு தட்டில் அதை வைத்தார். அப்பா நுனியில் பழுப்புக் கோடு வரைந்த பல். கம்பி. அதன் கூடவே, கம்பியில் மாட்டிக்கொண்டு, வேரோடு இன்னொரு பல். அது அப்பா செய்த பல் அல்ல. மிஸ்ஸின் பல். சீழ் வழிந்துகொண்டே இருந்தது. நான் கண்ணை மூடவில்லை. எழுத வேண்டும் என்பதால் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"இந்தப் பக்கத்துப் பல்லும் ஆடுது. நிக்குமான்னு சொல்ல முடியாது" என்றார் டாக்டர். "வேர உள்ள விட்டு மேல பூசி மூடிருக்காங்க. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா கண்ணு வழியா மூளைக்கு ஏறியிருக்கும், உயிருக்கே ஆபத்தாயிருக்கும். யாரு கட்டுனது இது?"

மிஸ் பஞ்சைக் கடித்தபடி, "வெளியூர்ல" என்றார். என்னைப் பார்க்கவில்லை.

அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கப்பா" என்றேன்.

டாக்டர் திரும்பினார். "உங்கப்பா கடை வச்சிருக்கார்னு சொன்னாரே."

"பல் நிலையம். அவரும் டாக்டர்தான்."

டாக்டர் அம்மா பக்கம் திரும்பிக் கேட்டார்: "என்ன படிச்சிருக்கார்?"

"பத்தாவது" என்றாள் அம்மா.

ஆகஸ்ட் 24

இன்று எழுதுவதற்கு ஒன்றும் இல்லை.

மேலே உள்ள வரி பொய். அடிக்கவில்லை, அப்படியே இருக்கட்டும்.

ஆகஸ்ட் 25

அப்பா முன் அறையில் நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார். நேற்று முழுக்க நாங்கள் பேசவில்லை.

நானே கேட்டேன். "பத்தாவதுதானாப்பா?"

"ம்."

பிறகு தானாகவே சொன்னார். மதுரையில் ஒரு பல் லேபில் பதினாறு வருஷம் வேலை பார்த்தாராம். டாக்டர்கள் வாயை அளவெடுத்து அச்சு அனுப்புவார்கள். அதைப் பார்த்துப் பல் செய்து கொடுப்பதுதான் வேலை. "நான் செஞ்ச பல்லு எத்தன பேரு வாயில இருக்கு தெரியுமா? ஒருத்தரு மொகத்தயும் நான் பாத்ததில்ல." ஊருக்கு வந்ததும், பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர், நீயே வைத்துவிடு என்று வாயைத் திறந்து காட்டினாராம். வைத்தார். நன்றாக நின்றது. அடுத்தவர் வந்தார்.

"டாக்டர்னு நான் ஒருத்தருகிட்டயும் சொன்னதில்ல. அவுகளாச் சொன்னாக."

"இல்லன்னு சொன்னீங்களா?"

அப்பா துணியை மடித்தார்.

நான் வெளியே வந்துவிட்டேன். அப்போது என் நாக்கு தானாகக் கீழ்க் கடைவாய்ப்பல்லின் மூடியைத் தொட்டது. வழுவழுப்பாக இருந்தது. வலியே இல்லை. திரும்ப உள்ளே போனேன்.

"என்னய ஏம்ப்பா தேனிக்குக் கூட்டிட்டுப் போனீங்க?"

அப்பா நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

"கை நடுங்கும்னீங்களே. மிஸ்ஸுக்கு ஏன் நடுங்கல?"

அப்பா அழுது நான் பார்த்ததில்லை. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத மாட்டேன். மறைப்பதற்காக அல்ல.

ஆகஸ்ட் 27

மிஸ்ஸைப் பார்க்கப் போனேன். வீக்கம் வடிந்திருந்தது. அவர் கஞ்சி குடிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மன்னிப்புக் கேட்கும் வாக்கியத்தை வழியெல்லாம் தயார் செய்திருந்தேன். 'நான்தான் உங்களை' என்று தொடங்கியதுமே மிஸ் டம்ளரைக் கீழே வைத்தார்.

"நீ சொன்னதாலயா நான் வந்தேன்? எனக்கு நாப்பத்தேழு வயசு."

"எங்கப்பா டாக்டர்னு நெனச்சுத்தான மிஸ்..."

"இல்ல கண்ணு. எனக்குத் தெரியும்."

"தெரியுமா மிஸ்?" என்றேன்.

"தெரியும்னா, பாதி தெரியும். மீதிய நான் கேக்கல. கேட்டா தேனிக்குப் போக வேண்டியிருக்கும். அந்தப் பிளேட்டு என் கைக்கு எட்டுறதுதான். அதப் போட்டுக்கிட்டு இருந்திருக்கலாம். நிலையான பல்லு, கம்மிக் காசு, ஒரே நாளு. ஆச விட்டுச்சா?" என்று சிரிக்கப் பார்த்து, உடனே கையால் வாயை மூடிக்கொண்டார். "உங்கப்பா மேல கோவம் இல்லன்னு நெனைக்காத. இருக்கு. நெறைய இருக்கு. ஒன் மேல இல்ல."

வாசல்வரை வந்து, "புத்தகம் திருப்பிக் குடுக்கல நீ. தேதி தாண்டிருச்சு" என்றார்.

ஆகஸ்ட் 30, சனி

அப்பா தேனிக்குக் கிளம்பினார். என்னையும் வரச் சொன்னார். அங்கே மிஸ்ஸும் புண்ணைக் காட்ட வந்திருந்தார்.

அப்பா டாக்டரின் மேசைக்கு முன்னால் நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. "நாந்தான் மேடம் கட்டுனது. அன்னைக்குக் கடைனு பொய் சொன்னேன்."

"நான் புகார் எழுதப் போறேன். தெரியும்ல?"

"எழுதுங்க மேடம்."

டாக்டர் எதிர்பார்க்கவில்லை போல. பேனாவை மூடித் திறந்தார். அப்பா, மிஸ்ஸின் வைத்தியச் செலவு முழுவதும் தன்னுடையது என்றார். மிஸ் வேண்டாம் என்று சொல்லவில்லை. "ஆமா, குடுக்கட்டும்" என்றார்.

டாக்டர் மிஸ்ஸிடம் விளக்கினார். ஆடிய பல்லையும் எடுத்தாகிவிட்டது. ஒரு பல் போன இடத்தில் இப்போது மூன்று. எலும்பும் கரைந்திருக்கிறது. இப்போதைக்குக் கழட்டி மாட்டும் பிளேட்டுதான். திருகுப் பல் வேண்டுமென்றால் எலும்பு தேறிய பிறகு, தவணையில் பார்க்கலாம். "மொதல்லயே வேர எடுத்துட்டுப் பிளேட்டு போட்டிருந்தா, இதுல பாதிச் செலவுகூட ஆயிருக்காதும்மா."

அப்பா, "பிளேட்ட நான் செய்யுறேன் மேடம்" என்றார். "அளவு நீங்க எடுங்க, நீங்களே மாட்டுங்க. அவுக வாயில என் கை படாது."

டாக்டர் மிஸ்ஸைப் பார்த்தார். மிஸ் ஜன்னலைப் பார்த்தார்.

"மொதல்ல புண்ணு ஆறட்டும்" என்றார் மிஸ்.

செப்டம்பர் 1

மாலையில் பழக்கத்தில் கை சுவிட்சுக்குப் போய்விட்டது. பலகை எரிந்தது. வாய் சிரித்தது. அணைப்பதற்குள், வாழைத்தார் லோடு ஏற்றும் கருப்பணன் அண்ணாச்சி மனைவியோடு படியேறிவிட்டார். அந்த அக்கா முந்தானையால் வாயை மூடியிருந்தார்.

"டாக்டரே, இவளுக்கு முன்பல்லு ஒண்ணு. கட்டி விடுங்க. நாளான்னைக்கு மக வீட்டு விசேசம்."

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார். "நான் டாக்டர் இல்லண்ணே. பல்லு செய்யுறவன். வாயில வைக்கிற படிப்பு படிக்கல."

கருப்பணன் அண்ணாச்சி சிரித்துவிட்டார். "இது என்னாப்பா புதுக் கத? ஊருக்கே தெரிஞ்சதுதான! நீ டாக்டரா இருந்தா நாங்க எதுக்கு இங்க வாரோம்? எங்களுக்குக் கட்டுபடியாகுமா?"

ஊருக்கே தெரியுமாம்! கருப்பணன் அண்ணாச்சிக்குத் தெரியும். மிஸ்ஸுக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரியும். கையில் கிடைத்த எல்லாவற்றையும் படிக்கிற எனக்கு மட்டும் தெரியவில்லை.

அண்ணாச்சி மனைவியை நாற்காலியில் உட்கார வைத்தார். "ஒத்தப் பல்லுதேன். ஒரு அரமணி நேரம். விசேசத்துல எல்லாரும் போட்டோ எடுப்பாக, இவ வாயப் பொத்திக்கிட்டே நிக்கணுமா?"

அந்த அக்கா வாயைத் திறந்தார். அப்பாவின் கை டார்ச்சை எடுத்தது. பொத்தானை அழுத்தியும் விட்டது. வெளிச்சம் அந்த அக்காவின் கன்னத்தில் வட்டமாக விழுந்தது.

"வேரு கெடக்கு" என்றார் அப்பா. டார்ச்சை அணைத்து மேசையில் வைத்தார். "எந்திரிம்மா. நான் தொட மாட்டேன்."

"யோவ், காசு கூடக் கேக்குறியா?"

"காசே வேணாம்ண்ணே. தேனிப் பெரியாஸ்பத்திரியில பல்லு பாக்குறாக. இனாம்தான். வரிசையில நிக்கணும். காலைல மொத பஸ்ஸுக்கு வாங்க, நானும் கூட வாரேன், நானும் நிக்கிறேன். விசேசத்துக்குள்ள பல்லு வராது. வேர எடுத்துருவாக."

அண்ணாச்சி திட்டிக்கொண்டே இறங்கினார். 'பெரிய யோக்கியன்' என்பது மட்டும் எனக்குத் தெளிவாகக் கேட்டது. அந்த அக்கா படியில் நின்று, "மொத பஸ்ஸு எத்தன மணிக்கு?" என்று கேட்டார். அப்பா சொன்னார்.

அம்மா உள்ளேயிருந்து வந்து ஷட்டரின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். அப்பா இன்னொரு பக்கத்தைப் பிடித்தார்.

"தமயந்தி, பலகைய அமத்துத்தா" என்றார்.

வெளியே இன்னும் இருட்டவில்லை. ஸ்டூல் தேவைப்படவில்லை. அந்த வாய் ஒரு கணம் மங்கலாகச் சிரித்துவிட்டு நின்றுபோனது. பிறகு உள்ளே போய், நாற்காலிக்கு மேலே இருந்த விளக்கையும் நானே அணைத்தேன்.

விளக்குகள் அணைக்கப்பட்டன.